நகரத்துக்குள் பசுமைப் பாதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசுமைப் பாதை என்றால் என்ன? அதுவும் ஒரு பார்க்தானே?

பார்க்குக்கு நாம் போகிறோம். பசுமைப் பாதை வழியாக வேறெங்கோ போகிறோம். மோட்டார் வண்டிகள் நுழையாத, இருபுறமும் மரமும் செடியும் உள்ள, விடாமல் தொடர்ந்து போகிற ஒரு நீளமான நிலப்பட்டை அது. அதில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், வீல்சேரில் போகலாம், சும்மா உட்கார்ந்தும் இருக்கலாம். வீட்டுப் பக்கம் ஏறி, பள்ளிக்கூடத்துப் பக்கமோ ரயில் நிலையத்துப் பக்கமோ இறங்க முடிந்தால் அது பாதை. எங்கேயும் போய்ச் சேராமல் நாலு பெஞ்சோடு முடிந்துவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நீளமான பார்க்தான். யாராவது ஒரு திட்டத்தின் வரைபடத்தைக் காட்டினால் நான் முதலில் பார்ப்பது அதன் இரண்டு முனைகளை. அங்கே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

இது சமீபத்தில் வந்த யோசனையா?

இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ‘எமரால்ட் நெக்லஸ்’ என்ற பூங்காத் தொடரை ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் 1870களின் இறுதியிலேயே வடிவமைக்கத் தொடங்கிவிட்டார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அத்தொடரின் ஒரு பகுதியான பேக் பே ஃபென்ஸ், கழிவுநீரும் கடல் ஏற்றமும் சேர்ந்து நாறிக்கொண்டிருந்த ஒரு சதுப்பைச் சரிசெய்ய எடுத்த வடிகால் வேலை. அழகு அதனோடு சேர்ந்து வந்தது. இன்றைக்கும் பல நல்ல பாதைகள் வேறு ஏதோ ஒரு அழுக்கு வேலைக்குப் பிறந்தவைதான்: வெள்ளம் வடிய, குழாய் பதிக்க, பாழ்பட்ட நிலத்தை மீட்க.

நெரிசலான நகரத்தில் இதற்கெல்லாம் இடம் எங்கே?

துண்டு துண்டாக நிலம் வாங்கிச் சேர்ப்பது நடக்காத காரியம். ஏற்கெனவே நீளமாகவும் ஒரே கையிலும் இருக்கிற நிலத்தைத் தேட வேண்டும். ரயில் ஓடாத தடம், ஆற்றங்கரை, கால்வாய்க் கரை, உயர் மின்கம்பிகளுக்கு அடியில் உள்ள நிலம், குடிநீர்க் குழாய் போகிற தடம் இவையெல்லாம் அப்படிப்பட்டவை.

இவற்றில் பழைய ரயில் தடத்துக்கு இணை கிடையாது. ரயில் எஞ்சினால் செங்குத்தான மேட்டில் இழுக்க முடியாது என்பதால், அந்தத் தடத்தை எப்போதோ யாரோ கஷ்டப்பட்டுச் சமன்படுத்தி வைத்திருப்பார்கள். வீல்சேருக்கும் சைக்கிளுக்கும் அந்தச் சரிவு அப்படியே பொருந்தும். பாரிஸில் 1969இல் பயணிகள் ரயில் நின்றுபோன ஒரு பாதைதான் 1993இல் ‘பிரொமனாட் பிளாண்டே’ என்ற 4.7 கி.மீ. நடைவழியாக மாறியது. அதன் மேம்பாலப் பகுதிக்குக் கீழே உள்ள வளைவுகளில் இன்று கைவினைஞர்களின் பட்டறைகள் இயங்குகின்றன. அமெரிக்காவில் 1983இல் செய்த ஒரு சட்டத் திருத்தம், கைவிடப்படும் ரயில் தடத்தைத் துண்டு போட்டு விற்காமல், பின்னாளில் ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு பாதையாக வைத்திருக்க வழி செய்தது. தடம் ஒருமுறை சிதறிவிட்டால் மறுபடி சேர்க்க முடியாது. அந்த நாட்டின் நீண்ட பாதைகள் பலவற்றைக் காப்பாற்றியது இந்த ஒரு ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய ரயில் நிலத்தின் மண்ணில் களைக்கொல்லி, மரக்கட்டைகளில் பூசிய தார் எண்ணெய், எஞ்சின் எண்ணெய் எல்லாம் ஊறியிருக்கும். மண்ணைச் சோதிக்காமல் குழந்தைகள் விளையாடும் இடமாக்கக் கூடாது.

ரோட்டையே எடுத்துவிட்டுப் பாதை அமைத்த ஊர் உண்டா?

உண்டு. தென்கொரியாவின் சியோலில், மூடிய ஓடையின் மேல் ஓடிக்கொண்டிருந்த ஒரு மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005இல் சுமார் 5.8 கி.மீ. நீளத்துக்கு சோங்ஙேசோன் ஓடையைத் திறந்துவிட்டார்கள். கரையோரம் நடப்பதற்கு அருமையான இடம். ஆனால் அதை இயற்கை ஓடை என்று சொல்வது அதிகம். பெரும்பாலான நாட்களில் அதில் ஓடுவது ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றிவிடும் தண்ணீர்.

ஸ்பெயினின் வலென்சியா கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1957இல் பெருவெள்ளம் வந்து நகரம் நொந்துபோனது. துரியா ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். காய்ந்து கிடந்த பழைய ஆற்றுப் படுகையில் அதிவேகச் சாலை போடத் திட்டம் வந்தது. மக்கள், படுகை எங்களுடையது, அது பச்சையாக இருக்க வேண்டும் என்று போராடினார்கள். 1980களில் அது தோட்டமானது. இன்று நகரத்தின் நடுவே ஏறக்குறைய 9 கி.மீ. நீளத்துக்கு வளைந்து போகிறது. பழைய பாலங்கள் எல்லாம் தலைக்கு மேலே அப்படியே நிற்பதால், அந்த நீளம் முழுவதும் ஒரு ரோட்டைக்கூடக் குறுக்கே கடக்காமல் நடந்துவிடலாம்.

நியூயார்க்கின் ஹை லைன் மாதிரி உயரத்தில் கட்டினால் இன்னும் நன்றாக இருக்காதா?

பார்க்க நன்றாக இருக்கும். 1980இல் கடைசிச் சரக்கு ரயில் ஓடிய உயர்தடத்தை இடிக்காமல் காப்பாற்றி, 2009 முதல் பகுதி பகுதியாகத் திறந்தார்கள், மொத்தம் 2.3 கி.மீ. ஆனால் அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஏறி இறங்கச் சில இடங்களில்தான் படியும் லிஃப்டும். கூட்ட நேரத்தில் வேகமாக நடக்கவே முடியாது. அது ஒரு சிறந்த உலாவும் இடம். வேலைக்குப் போகிற வழி என்று சொல்ல முடியாது. சிகாகோவில் 2015இல் திறந்த 4.3 கி.மீ. புளூமிங்டேல் பாதையும் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஏறுவதற்குச் சரிவுப் பாதைகள் வைத்ததால் சைக்கிளும் போகிறது, தள்ளுவண்டியும் போகிறது.

ஏற்கெனவே உயரத்தில் ஒரு பழைய கட்டுமானம் நின்றால், தாராளமாகப் பயன்படுத்தலாம். இல்லாத இடத்தில் புதிதாகத் தூண் எழுப்பி மேலே தோட்டம் போடுவது காசைக் கொட்டும் வேலை. அந்தப் பணத்தில் தரையில் எத்தனை சந்திப்புகளைச் சரிசெய்யலாம்!

நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் ஒரே பாதையில் போனால் சண்டை வராதா?

வரும். பாதையைத் திறந்த பிறகு முதலில் வருகிற புகாரே இதுதான். நடப்பவர் மணிக்கு 5 கி.மீ. போகிறார், சாதாரண சைக்கிள் 15 முதல் 20 கி.மீ.; மின்சார சைக்கிள் அதற்கும் மேலே. நடப்பவர் நேர்கோட்டில் போவதும் இல்லை. நின்று பேசுவார், பூவைப் பார்ப்பார், கைக்குழந்தையோடு குறுக்கே போவார். பாதை இருப்பதே அதற்குத்தானே.

இரு திசையிலும் ஆள் போகிற பொதுப் பாதைக்கு 3 மீட்டர் அகலம் என்பது பல நாட்டு வழிகாட்டிகள் சொல்கிற குறைந்தபட்ச அளவு. அதுவும் கூட்டம் குறைவான இடத்துக்கு. கூட்டம் கூடும் என்று தெரிந்தால் 4 மீட்டருக்கு மேல் வேண்டும். அதற்கும் மேல் போனால் இரண்டாகப் பிரித்துவிடுவதுதான் உத்தமம். பிரிப்பதில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். நடுவில் ஒரு வெள்ளைக்கோடு போட்டு, ஒரு பக்கம் ஆள் படமும் மறுபக்கம் சைக்கிள் படமும் வரைந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தக் கோட்டை யாரும் மதிப்பதில்லை. நாலு பேர் சேர்ந்து நடந்தால் கோடு காலடியில் மறைந்துபோகிறது. ஒரு சிறிய உயர வித்தியாசம், நடுவில் ஒரு புல்வரிசை, அல்லது காலுக்கே வேறாகத் தெரிகிற தரை இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் வேலை செய்யும். அப்புறம் நடைபாதையை மரநிழல் பக்கம் வையுங்கள். நிழல் சைக்கிள் பக்கம் விழுந்தால், நடப்பவர் அங்கேதான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வேகத்தைக் குறைக்கக் குறுக்கே கம்பி வைப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பைக்கைத் தடுக்க வைக்கிற கம்பி வீல்சேரையும் மூன்று சக்கரச் சைக்கிளையும் சேர்த்தே தடுக்கும். பாதையை லேசாக வளைப்பதும், குறுகும் இடத்துக்கு முன்பே தரையின் தன்மையை மாற்றுவதும் இதைவிட நல்ல வழிகள்.

பாதை ஒரு பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில் என்ன செய்வது?

ஒரு பசுமைப் பாதையின் தரம் தெரிவது இங்கேதான். மீதி 2 கி.மீ. சொர்க்கமாக இருந்து, நடுவில் ஆறு வரிசை வாகனங்கள் ஓடுகிற ரோடு ஒன்று இருந்தால், அப்பா அம்மா பிள்ளையைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். அதோடு அந்தப் பாதை பள்ளிக்கூடத்துக்கான பாதை இல்லை என்றாகிவிடும்.

சிறிய ரோடு என்றால், கடக்கும் இடத்தைப் பாதையின் உயரத்துக்கே தூக்கிவிடலாம்; கார்தான் ஏறி இறங்க வேண்டும். பாதைக்கு முன்னுரிமை என்பது காரோட்டிக்குப் பலகையைப் படிக்காமலே புரியும். கொஞ்சம் அகலமான ரோட்டில் நடுவே ஒரு திட்டு வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்துக் கடக்கும்படி. அந்தத் திட்டு ஒரு முழுச் சைக்கிள் நிற்கிற அளவுக்கு இருக்க வேண்டும். பின்சக்கரம் ரோட்டில் நீட்டிக்கொண்டு நின்றால் திட்டு இருந்தும் பயனில்லை. பெரிய ரோட்டில் சிக்னல் வேண்டும். பட்டனை அழுத்திவிட்டு வெயிலில் நெடுநேரம் காத்திருக்க வைத்தால் ஆட்கள் சிக்னலைப் பார்க்காமல் ஓடுவார்கள்.

மேலேயோ கீழேயோ போவது கடைசி வழி. அமெரிக்காவின் மினியாபொலிஸில் பழைய ரயில் பள்ளத்தில் ஓடுகிற மிட்டவுன் கிரீன்வேக்கு, ஒரு பெரிய சாலையைக் கடக்க 2007இல் தனிப் பாலமே கட்டினார்கள். பாலம் என்றால் நீளமான மெல்லிய சரிவு. படிக்கட்டு வைத்தால் அது சைக்கிளுக்கும் இல்லை, முட்டிவலிக்காரருக்கும் இல்லை. சுரங்கவழி என்றால் உள்ளே நுழையும்போதே மறுமுனையின் வெளிச்சம் தெரிய வேண்டும். வளைந்து போகிற இருட்டுச் சுரங்கத்தில் பாதிப் பேர் இறங்கவே மாட்டார்கள்.

வெயில் உண்மையிலேயே குறையுமா?

குறையும், மரம் வளர்ந்த பிறகு. இரண்டு வேலை நடக்கிறது. இலைக்கூரை வெயிலைத் தரையில் விழாமல் தடுக்கிறது. வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக வெளியிடும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. நடப்பவருக்கு முதல் வேலைதான் முக்கியம். காற்றின் வெப்பம் அதிகம் மாறாவிட்டாலும், நிழலில் உடம்பு உணர்கிற சூடு வெகுவாகக் குறையும்.

கொலம்பியாவின் மெடயின் நகரம் 2016க்குப் பிறகு சாலையோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் 30 பசுமைத் தடங்களை அமைத்தது. அந்த இடங்களில் வெப்பம் சுமார் 2 டிகிரி குறைந்ததாக நகர நிர்வாகம் சொன்னது. நோஞ்சான் பனைவகைகளையும் குட்டைச் செடிகளையும் வரிசையாக வைத்துவிட்டு இதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

இரைச்சலையும் புகையையும் மரங்கள் தடுக்குமா?

பெரிதாக இல்லை. ஒரு வரிசை மரம் சத்தத்தைக் கருவியில் தெரிகிற அளவுக்குக் குறைக்காது. ரோடு கண்ணில் படாததால் சத்தம் குறைந்த மாதிரி தோன்றும். புகைக்கும் அடர்ந்த புதர்வேலி ஓரளவுதான் உதவும். ரோட்டைவிட்டுத் தள்ளிப் பாதை அமைப்பதுதான் உண்மையான தீர்வு.

எந்த மரம் வைப்பது?

அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிய மரங்கள், கலந்து. ஒரே இனத்தை வரிசையாக வைத்தால் போட்டோவுக்கு அழகு. ஒரு பூச்சியோ நோயோ வந்தால் மொத்த வரிசையும் போய்விடும். மரத்தின் பெயரைவிட முக்கியம், வேருக்கு எவ்வளவு மண் விட்டிருக்கிறோம் என்பது. சின்னக் குழியில் நட்டுச் சுற்றிலும் சிமென்ட் பூசினால், வேர் காற்றும் நீரும் தேடி மேலே வரும்; பாதை விரிசல் விடும்; உடனே மரத்தின்மேல் பழி விழும்.

மழைக்காலத்தில் ஆற்றங்கரைப் பாதை முழுகிவிடாதா?

முழுகட்டும். ஆற்றின் ஓரத்தில் இருக்கிற பாதை வருடத்தில் சில நாள் முழுகுவதற்கு ஏற்பவே கட்டப்பட வேண்டும்: அரித்துப் போகாத தரை, அடித்துக்கொண்டு போகாத பெஞ்ச், நீர் ஏறும்போது மூடுகிற கதவு, மேட்டில் ஒரு மாற்று வழி. பாதையைக் காப்பாற்றுகிறேன் என்று கரையைச் சிமென்டால் உயர்த்தினால், வெள்ளம் கீழே இருக்கிற அடுத்த பகுதிக்குப் போகும். ரோட்டுநீர் சாக்கடைக்கு ஓடாமல் இறங்கித் தேங்கி மண்ணுக்குள் போகிற மாதிரி, பாதையோரத்தில் செடி நட்ட ஆழமற்ற பள்ளங்கள் விடுவதும் நல்லது. தேங்கிய நீர் ஓரிரு நாளில் வடிய வேண்டும். இல்லாவிட்டால் கொசுதான் மிச்சம்.

பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் நன்மை உண்டா?

பறவை, வண்ணத்துப்பூச்சி, தேனீ, வௌவால் இவற்றுக்கு உண்டு. அடர்காட்டில் மட்டும் வாழும் உயிரினங்களுக்கு இவ்வளவு ஒல்லியான தடம் போதாது. விளக்கு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இரவு முழுக்க வெள்ளை வெளிச்சம் அடித்தால் வெளிச்சத்தைத் தவிர்க்கும் வௌவால்கள் அந்தத் தடத்தையே விட்டுவிடும். தரையை நோக்கிய, மஞ்சள் அல்லது சிவப்பு சாயலுள்ள, ஆள் வரும்போது மட்டும் கூடுகிற விளக்கு இரண்டு தரப்புக்கும் ஒத்துவரும்.

இருட்டிய பிறகு பாதுகாப்பாக இருக்குமா?

விளக்கு மட்டும் போட்டால் பாதுகாப்பு வந்துவிடாது. ஆள் நடமாட்டமும், அவசரத்துக்கு வெளியேற வழியும் வேண்டும். இருபக்கமும் உயரமான மதிலோடு நெடுந்தூரம் வாசலே இல்லாமல் போகிற பாதையில், பகலில்கூடத் தனியாகப் போகிற பெண் யோசிப்பார். வீடுகளும் கடைகளும் பாதையைப் பார்த்தபடி இருந்தால், அடிக்கடி பக்கவழிகள் இருந்தால், புதர் இடுப்புக்குக் கீழும் கிளை தலைக்கு மேலும் இருக்கும்படி வெட்டி வைத்திருந்தால் பாதிக் கவலை போய்விடும். மீதிக்கு, இருட்டில் எல்லோரும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், அருகிலேயே விளக்குள்ள தெருவழி ஒன்றும் இருக்க வேண்டும்.

பாதை வந்தால் அக்கம்பக்கத்தில் வாடகை ஏறிவிடுமாமே?

பல இடங்களில் ஏறியிருக்கிறது. ஹை லைனைச் சுற்றி விலையுயர்ந்த கட்டடங்கள் எழும்பியதை உலகமே பார்த்தது. அட்லாண்டாவில், நகரத்தைச் சுற்றியுள்ள பழைய ரயில் தடங்களைச் சுமார் 35 கி.மீ. வளையமாக இணைக்கும் ‘பெல்ட்லைன்’ திட்டம், ரயன் கிராவல் என்ற மாணவர் 1999இல் எழுதிய முதுநிலை ஆய்வேட்டிலிருந்து பிறந்தது. அதே கிராவல் 2016இல், சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் குறித்துப் போதிய அக்கறை இல்லை என்று சொல்லி, அத்திட்டத்தின் ஆதரவு அமைப்பின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். சிகாகோவின் புளூமிங்டேல் பாதை திறந்து சில ஆண்டுகளில் அருகே பல குடும்பங்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்த கட்டடங்கள் இடிபட்டு ஆடம்பரத் தனிவீடுகளாயின; 2020, 2021இல்தான் அதைக் கட்டுப்படுத்த நகராட்சி விதி கொண்டுவந்தது. பாதை வந்து ஐந்தாறு ஆண்டு கழித்து!

அதனால் பாதையே வேண்டாம் என்று சொல்வது, ஏழைத் தெருவுக்கு நிழல் வேண்டாம் என்று சொல்வது மாதிரி. வீட்டு ஏற்பாடு முதலில் வர வேண்டும்: பாதை அறிவிக்கும் முன்பே அருகில் பொது நிலத்தைப் பிடித்து வைப்பது, வாடகைதாரர் பாதுகாப்பு, வீட்டு வரிச் சலுகை. இன்னொன்று, ஒரே ஒரு பாதையை நட்சத்திரமாக்காமல் ஊர் முழுக்கப் பரப்புவது. எல்லாப் பக்கமும் இருந்தால் அதற்குத் தனிவிலை குறையும். சிங்கப்பூர் 1990களிலிருந்து பூங்காக்களை இணைக்கும் பாதைகளைப் போட்டுக்கொண்டே வந்து, 300 கி.மீ.க்கு மேல் வலையாக்கிவிட்டது. கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் என்ரிகே பெனலோசா மேயராக இருந்த காலத்தில், கார் போகும் தெருக்களே மண்ணாகக் கிடந்த ஏழைப் பகுதி வழியாக ‘போர்வெனிர்’ என்ற நடை, சைக்கிள் பாதையைத் தளமிட்டுப் போட்டார்கள். அங்கே கார் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

உடல்நலத்துக்கு எவ்வளவு உதவும்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வேலைநாட்களில் போகவும் வரவும் கால் கால் மணி நேரம் நடந்தாலே 150 வந்துவிடும். தனியாக நேரம் ஒதுக்கித் தேகப்பயிற்சி செய்கிறவர்கள் எப்படியும் செய்துகொள்வார்கள். பாதை உதவுவது மற்றவர்களுக்கு.

வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த என்ன வேண்டும்?

20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறாத சரிவு, மழையில் வழுக்காத தரை, சாய்மானமும் கைப்பிடியும் உள்ள இருக்கைகள், பார்வையற்றவர் கைத்தடியால் உணரக்கூடிய ஓரம். அப்புறம் கழிப்பறை. திட்ட வரைபடங்களில் இது கடைசியில் வரும், பட்ஜெட் இடித்தால் முதலில் போகும். கழிப்பறை இல்லாவிட்டால் முதியவர்களும் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்க முடியாது.

திறப்பு விழாவுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது?

இதற்குப் பதில் இல்லாமல் திறக்கிற பாதை சீக்கிரமே புதர் மண்டிவிடும். ஹை லைனின் ஆண்டுச் செலவில் பெரும்பகுதியை நன்கொடை திரட்டும் ஒரு தனி அமைப்பு ஏற்கிறது; பணக்காரப் பகுதியில் அது நடக்கும், எல்லா இடத்திலும் நடக்காது. சிங்கப்பூரில் தேசியப் பூங்கா வாரியம் பார்த்துக்கொள்கிறது. என் கருத்தில், பாதை பல துறைகளின் நிலத்தின் மேல் போனாலும், குப்பை, விளக்கு, கிளை வெட்டுதல், தரை ஒட்டுப்போடுதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பு ஒரே துறையிடம் இருக்க வேண்டும். எரியாத விளக்குக்கு ஒரு துறையும் விழுந்த கிளைக்கு இன்னொன்றும் என்றால், புகார் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பகுதியில் ஒன்று வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் நடந்து பாருங்கள். கால்வாய்க்கரையிலோ பழைய தடத்திலோ ஏற்கெனவே ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. மக்களுக்கு எங்கே போக வேண்டும் என்று அது காட்டிவிடும். அந்த நிலம் யாருடையது, எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அங்கே குடிசைகள் இருந்தால் அவர்களை வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். அவர்களை அகற்றிவிட்டுப் போடுகிற பாதை யாருக்காக?

முழு நீளத்தையும் ஒரேயடியாகக் கேட்காமல், வீடுகளையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் இணைக்கிற ஒரு கிலோமீட்டரை அதன் சந்திப்புகளோடு சேர்த்து முழுமையாகக் கேளுங்கள். எளிதான பகுதியைப் போட்டுவிட்டு ரோடு கடக்கும் இடத்தை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டாம் கட்டம் பெரும்பாலும் வராது. வேலை தொடங்கும் முன்பு காலை, மாலை, ஒரு விடுமுறை நாள் என்று அந்த வழியில் போகிறவர்களை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பிறகு அதே நேரங்களில் மறுபடி எண்ணுங்கள். சிறுவர், பெண்கள், வயதானவர், வீல்சேரில் வருபவர் என்று தனித்தனியாகக் குறியுங்கள். மொத்தக் கணக்கை மட்டும் வைத்திருந்தால் யார் வரவில்லை என்பது தெரியாது. அடுத்த கட்டத்தில் எதைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியாது.